சாரத்தால் அடைத்த துளை

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். ஆனாலும் மீன் பொரிக்கிற மணம் எங்கே வந்தாலும், அதோடு "டிக், டிக்" என்றொரு சத்தமும் அப்பா இடுப்பில் கட்டிய பழைய சாரமொன்றின் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தே எனக்கு வந்துவிடுகின்றன.

ஊரை விட்டு வந்து குடியேறிய ஹோர்சன்ஸ் என்ற குளிர்நாட்டு நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மறுபாதியில் வீட்டுக்காரி இருந்தார். நாங்கள் குடிவந்த வாரமே, கறி மணம் தன் படுக்கையறைவரை வருவதாகச் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார். முந்திய வீட்டையும் மணத்தால்தான் இழந்திருந்தோம். அன்றிலிருந்து அம்மா, பின்வாசலை ஒட்டிய சலவை அறையில் ஒரு மின்னடுப்பை வைத்து, கதவு யன்னலெல்லாம் சாத்தி, சுவரின் உச்சியிலிருந்த கம்பிவலைத் துளையையும் அப்பாவின் பழைய சாரத்தால் அடைத்து, அந்தப் புகைக்குள் நின்று சமைத்தார். பள்ளிக்கூட ஜாக்கெட்டை நான் பிளாஸ்டிக் பையில் கட்டி மேலறையில் வைப்பேன். சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. "மணம் வெளியில போனா நாங்களும் வெளியில" என்பது எங்கள் வீட்டுப் பேச்சு.

வீட்டைச் சூடாக்கும் வாயுக் கொதிகலனும் அந்த அறைச் சுவரில்தான் இருந்தது, "ஃபூர்" என்போம். பனி கொட்டிக் கதவு யன்னல் இடுக்குகளையெல்லாம் அடைத்த ஒரு காலையில் அது பற்றவில்லை. பிறந்து சில வாரமேயான தம்பியைப் போர்வைகளுக்குள் சுற்றி வைத்திருந்தோம். அவன் மூக்கு நுனி சில்லென்றிருந்தது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டால் அடுப்பைக் காண்பார், கூப்பிடாவிட்டால் குளிர்.

அப்பா பொத்தானை அழுத்தினார். டிக், டிக். சின்ன நீலச் சுடர் வந்தது, சுருங்கி அணைந்தது.

"காஸ் வருது. நெருப்பும் பிடிக்குது. பிறகேன் நிக்குதில்லை?"

"ஃபாக்டரியில எல்லா மிசினும் என்ர கைக்கு அடங்கும் எண்டியள். வீட்டு மிசின் உங்கட சொல்லுக் கேக்குதில்லையே!" என்றார் அம்மா.

வீட்டுக்காரி வருகிறாரா என்று பார்க்க என்னை அந்த அறையின் பின்கதவில் நிறுத்தினார்கள். கதவைச் சற்றே திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "நிக்குது, நிக்குது!" என்று அப்பா கத்தினார்.

"கதவைச் சாத்து பிள்ளை, மணம் போகுது" என்றார் அம்மா. சாத்தினேன். அணைந்தது. திறந்தால் எரிந்தது, சாத்தினால் செத்தது. அம்மா மெல்லத் தலையை உயர்த்தி அந்தத் துளையைப் பார்த்தார்.

"அதுக்குக் காத்து வேணும். நான்தான் அடைச்சுப் போட்டன்."

"எடுத்தா மணம் நேரா அவவின்ர பக்கம் போகுமடியப்பா" என்றார் அப்பா.

"போகட்டும். பிள்ளை விறைக்குது."

சலவை இயந்திரத்தின் மேல் ஏறி அம்மா இழுத்தபோது, மஞ்சள் பிடித்த சாரம் மாதக்கணக்கான கறி மணத்தோடு விழுந்தது. குளிர்காற்று முகத்தில் அடித்தது. ஃபூர் ஹோவென்று பற்றியது.

இப்போது அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் ஃபூர் இல்லை. நிலத்துக்கடியில் குழாயில் சுடுநீர் வருகிறது. போன மாதம் அவ்வழியாகப் போனேன். துளை இருந்த இடத்தைச் செங்கல் வைத்துப் பூசியிருக்கிறார்கள்.

சாரத்தை எடுத்த மறுநாள் அப்பா கூப்பிட்ட வாயுக்காரர் வந்து சோதித்து, துளையை இனி ஒருபோதும் அடைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் அம்மா அங்கேயே, துளை திறந்திருக்க, மீன் பொரித்தார். யாரும் கதவைத் தட்டவில்லை.