நைகாகாவின் நேரலைச் சாப்பாடு

ஜிஞ்சா நகரத்தில் எங்கள் வரிசை வீடுகளில் கடைசி அறை நைகாகாவுடையது. தையல்காரி. லாரி ஓட்ட எல்லை தாண்டிப் போன கணவன் முதலில் பேசுவதைக் குறைத்தான், பிறகு எண்ணையே மாற்றிவிட்டான். பிள்ளை இல்லை. பகலில் தையல் மெஷின் சத்தம் துணையிருக்கும். பொழுது சாய்ந்தால் ஒரு தட்டு, ஒரு ஆள்.

அப்படி ஒரு மாலையில்தான் கைபேசியை டப்பாவில் சாய்த்துவைத்து, நேரலையில் சாப்பிட உட்கார்ந்தாள். சர்க்கரைவள்ளிக்கிழங்கும் நிலக்கடலைக் குழம்பும். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் வளைகுடா வீடுகளில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பெண்கள்.

"அக்கா, கிழங்கை உடைங்க. ஆவி வருதான்னு பாக்கணும்" என்று மஸ்கட்டிலிருந்து திபிதா என்பவள் எழுதினாள்.

"வா தங்கச்சி, கை கழுவிட்டு உக்காரு" என்று உடைத்துக் காட்டினாள் நைகாகா. அன்று முதல் தினமும் பந்திதான். வெகுநாளைக்குப் பிறகு அவள் சிரிப்புச் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

எங்கள் அறைகளுக்கு நடுவே இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. ஒரு மாலை, அடுத்த அறை நபிரியேயின் புருஷன் தனக்கு இன்னொரு குடும்பம் இருப்பதைக் கத்திச் சொன்னான். நைகாகா நேரலையில் இருந்தாள். அணைத்திருக்கலாம். ஆனால் பார்ப்பவர்கள் மளமளவென்று கூடிக்கொண்டிருந்தார்கள். வாயில் கவளத்தோடு அப்படியே இருந்துவிட்டாள்.

நேரலையில் கேட்ட அந்தக் கத்தலை யாரோ வெட்டிப் பரப்பினார்கள். சந்தையில் பழைய துணி விற்கும் நபிரியேயின் முன்னால் நின்று, அவள் புருஷன் பேசியதை அவன் குரலிலேயே பேசிக் காட்டிச் சிரித்தார்கள். புருஷன் போயே போய்விட்டான். நபிரியே நைகாகாவிடம் சண்டைக்குக்கூட வரவில்லை. முகம் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். வரிசையில் மற்றவர்களும் அப்படியே. குழாயடிக்கு நைகாகா வந்தால் பேச்சு நின்றுவிடும். குடம் நிரம்பும் சத்தம் மட்டும் கேட்கும். அவளுக்குக் கைபேசிதான் மிச்சம்.

மழைக்காலத்தில் அவளுக்கு மலேரியா. காய்ச்சலோடுதான் அந்தியில் உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் பக்கவாட்டில் சரிந்தாள். தட்டு கவிழ்ந்தது. நடிப்பு என்று நினைத்துத் திரை முழுக்க இதயங்களைப் பறக்கவிட்டார்கள். "யாராவது போங்களேன், அக்கா எழுந்திருக்கலை" என்று திபிதா திரும்பத் திரும்ப எழுதினாள். போவதற்கு வீடு எதுவென்று அங்கே எழுதியவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

கதவைத் தோளால் இடித்துத் திறந்து வந்தவள் நபிரியே. முதலில் கைபேசியைக் கவிழ்த்தாள். முகத்தில் தண்ணீர் அடித்து, மோட்டார்சைக்கிளில் தனக்கும் ஓட்டுபவனுக்கும் நடுவே உட்காரவைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள்.

கண் திறந்ததும் நைகாகா கேட்டாள்: "நான் விழுந்தது உனக்கு எப்படித் தெரியும்?"

"போன்ல பாத்தேன்."

"நீ பாப்பியா?"

"தினமும். வேற பேர்ல. எனக்கும்தான் ஒத்தைத் தட்டு."

நைகாகா அழுதாள். "அன்னைக்கு நான் அணைச்சிருக்கணும், நபிரியே."

"ஆமா, அணைச்சிருக்கணும். மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. நீ செத்தா நாத்தம் மொதல்ல எனக்குத்தானே வரும்." குளுக்கோஸ் பாட்டில் தீரும்வரை பக்கத்தில் இருந்தாள். பிறகு எழுந்து போனாள்.

உடம்பு தேறி நைகாகா மறுபடி நேரலைக்கு வந்தபோது, முன்பைவிடப் பல மடங்கு கூட்டம். விழுந்த படம் அந்தளவுக்குச் சுற்றியிருந்தது. "இன்னொரு தடவை விழுந்து காட்டு அக்கா" என்று எழுதினார்கள். திபிதாவைத் தேடினாள். எஜமானி அவள் கைபேசியைப் பிடுங்கி வைத்துவிட்டதாக வேறொரு பெண் சொன்னாள். நைகாகா நேரலையை அணைத்துவிட்டுத் தனியாகச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் மறுபடி தொடங்கினாள். வேறென்ன செய்வாள்? இப்போதெல்லாம் வாசலுக்கு வெளியே, பலா மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். நபிரியே அந்த வழியாகத்தான் வேலை முடிந்து வருகிறாள். படத்தில் விழாமல் சுற்றிக்கொண்டு போகிறாள்.