இடப்பக்கம் ஒளிரும் அரைநிலா

பின்கட்டில் குடியிருக்கும் லிஃப்ட்காரர் ஆறாவது மாடி ஜன்னலைக் குழாய் வைத்துப் பார்க்கிறாராம். சலவைக்கடைக்காரரிடம் யாரோ சொல்ல, அவர் இஸ்திரி போட்ட சட்டைகளோடு இந்தச் செய்தியையும் மடிப்புக் கலையாமல் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தார். "பொண்டாட்டியும் ஊர்ல இல்ல பாருங்க" என்பது அவர் தன் பங்குக்குப் போட்ட கஞ்சி.

செய்திக்கு உரியவர் அந்த நேரம் கொல்லையில் பழைய தலையணை ஒன்றின் மேல் மண்டியிட்டு, கழுத்தைப் பின்னால் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, வாயைத் திறந்து வைத்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ அவருக்குப் பல் பிடுங்குகிறார்கள் என்றுதான் தோன்றும். கையளவு அகலமுள்ள சின்னத் தொலைநோக்கி. அதன் கால்கள் காற்றில் ஆடாதிருக்க, கழித்துக்கட்டிய லிஃப்ட் ஒன்றின் இரும்புக் கட்டியை நடுவில் தொங்கவிட்டிருக்கிறார். திருகுகளுக்குப் போடுவதும் லிஃப்ட் கிரீஸ்தான். "இத்தனை மாடியத் தூக்குற கிரீஸு, ஒரு நிலாவத் தூக்காதா?"

பகலெல்லாம் அவருக்குப் பேச்சுத்தான் வேலை. இரண்டு மாடிகளுக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோனால், மற்ற மெக்கானிக்குகள் நேராகக் கதவை நெம்பப் போவார்கள். இவர் மூடிய கதவில் வாயை வைத்து, "சாப்டாச்சா? எந்த மாடிக்குப் போவணும்? வீட்ல யாரு இருக்கா?" என்று ஆரம்பிப்பார். "மாட்டிக்கிட்டவங்களுக்கு முதல்ல ஒரு குரல் வேணும். கதவெல்லாம் அப்புறம்." முகம் தெரியாத எத்தனையோ பேரிடம் இப்படிக் குசலம் விசாரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால் பேச ஆளில்லை. சமையலறை விளக்கைக்கூடப் போடுவதில்லை. வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடுமாம். தட்டைத் தடவித் தடவிச் சாப்பிடுகிறார். விளக்கைப் போட்டால் எதிர் நாற்காலி தெரியும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதை அவர் சொல்வதில்லை.

மகளின் பிரசவத்துக்கென்று விமானம் ஏறியவள் மனைவி. அன்று பிறந்த குழந்தை இன்று போனில் இவரைப் பெயர் சொல்லி அதட்டுகிறது. மனைவி இன்னும் வரவில்லை. பெரிய ஊர் தாண்டி, கடல் தாண்டி, பூமியின் கீழ்ப்பாதியில் இருக்கிறது அந்த ஊர். ஆனால் இங்கே இருட்டும்போதே அங்கேயும் இருட்டிவிடும். அதுதான் இவருக்குப் பிடித்த சங்கதி. தொலைநோக்கி வாங்கிய புதிதில் ஒருநாள் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருவரும் அரைநிலாவைப் பார்த்தார்கள்.

"வலப்பக்கம் வெளிச்சமா இருக்கு, பாத்தியா?"

"இடப்பக்கம்னு சொல்லுங்க."

"கண்ணாடியப் போட்டுட்டுப் பாரு."

"போட்டுட்டுதான் பாக்குறேன். உங்களுக்கு என்னிக்கு வலது இடது தெரிஞ்சிருக்கு? ஸ்கூட்டர்லயும் இப்படித்தான், ஒரு பக்கம் கையக் காட்டிட்டு இன்னொரு பக்கம் திரும்புவீங்க!"

அது முற்றி, இரண்டு பேரும் சில நாள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் மருமகன்தான் குறுக்கே வந்தான். "மாமா, அத்தை சொல்றதும் சரிதான். நாங்க கீழ இருக்கோம்ல, இங்க நிலா தலைகீழாத்தான் தெரியும்."

அன்று சாயங்காலமே தொலைநோக்கியின் பின்னால் இருந்த முக்கோணக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பிம்பத்தை நிமிர்த்திக் காட்டி, வசதியாகக் குனிந்து பார்க்க வைப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் நிலா தலைகீழாகிவிடும், வெளிச்சம் இடப்பக்கம் வந்துவிடும். கழுத்துக்கும் முழங்காலுக்கும்தான் கேடு. விற்ற கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். இவருக்கு அது தலைகீழ் இல்லை. அவள் பார்க்கிற நிலா.

கஞ்சி போட்ட செய்தி ஆறாவது மாடிக்கும் போய்ச் சேர்ந்ததால், அங்கே இருக்கும் கணக்கு டீச்சர் விறுவிறுவென்று கொல்லைக்கே வந்துவிட்டாள்.

"ஏண்ணே, எங்க வீட்டு ஜன்னலப் பாக்குறீங்களாமே, நெஜமா?"

அவர் மண்டியிட்டபடியே திரும்பினார். "இதுல பாத்தா உங்க வீடு தலைகீழாத் தெரியும்மா. கொடியில போட்ட துணியெல்லாம் மேல பாத்துத் தொங்கும். அத வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

சிரிப்பை அடக்கியதில் அவள் கொண்டுவந்த கோபம் பாதி கரைந்தது. குழாயை வியாழன் பக்கம் திருப்பிக் கொடுத்தார். பார்த்தவள், முன்பக்கம் போய்க் கையை ஆட்டிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"உள்ள படம் கிடம் ஒட்டி வச்சிருக்கீங்களா?"

"ஒட்டினா நகருமா? அதுக்கு நாலு நிலா துணை உண்டு, எண்ணிப் பாருங்க."

"மூணுதான் இருக்கு."

"இன்னொண்ணு பின்னாடி போயிருக்கும். வந்துரும்."

அவள் கண்ணை எடுக்காமலே கேட்டாள். "அக்கா எப்ப வராங்க?"

ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு திருகை அவர் இன்னும் இறுக்கினார். "விசா முடியுது. நீட்டிக்கிறதா கிளம்புறதான்னு இன்னிக்கு ராத்திரி சொல்றேன்னிருக்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன் இஷ்டம்னேன்."

"அட போங்கண்ணே! வான்னு ஒரு வார்த்தை சொன்னா வாயா வலிக்கும்?"

"பொண்ணு மறுபடியும் உண்டாகியிருக்கா. ஒத்தாசைக்கு ஆளில்ல. இந்த நேரத்துல வான்னு எந்த வாயால சொல்றது?"

டீச்சர் குழாயிலிருந்து கண்ணை எடுத்தாள். சலவைக்கடைக்காரரைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, இரும்புக் கட்டியில் இடித்துக்கொள்ளாமல் பார்த்து நடந்து போனாள்.

அவர் குழாயை நிலாவுக்குத் திருப்பினார். கவிழ்த்து வைத்த வாளியின் மேல் போன் இருந்தது. நல்ல சேதி என்றால் மனைவி வீடியோவில்தான் கூப்பிடுவாள். எடுத்ததும் பேத்தியின் மூக்கு திரை முழுக்க நிற்கும். மனசுக்கு ஒவ்வாததைச் சொல்ல வேண்டியிருந்தால் வெறும் குரல்தான். அவளுக்கு முகத்தை மறைக்கத் தெரியாது, அதனால் காட்டமாட்டாள்.

மணி அடித்தது. வெறும் குரல் அழைப்பின் மணி. திரை வெளிச்சத்தில் கொல்லைச் சுவர் முழுவதும் வெளுத்தது. அவர் கையை நீட்டிப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணைக் குழாயில் பொருத்தினார். நிலா நகர்ந்து பாதி விளிம்புக்கு வெளியே போயிருந்தது. ஒரு விரலால் திருகை மெல்லத் திருப்பி அதை நடுவுக்குக் கொண்டுவந்தார். வாளி அதிர அதிரப் போன் அடித்துக்கொண்டே இருந்தது.