கனகலிங்கத்தாரின் சைவம்

தேநீர்க் கோப்பை கைக்கு வந்ததும் கனகலிங்கம் குடிக்கமாட்டார், மணந்து பார்ப்பார். விளிம்பைச் சுற்றி ஒரு தடவை, பிறகு ஆவியில் ஒரு தடவை. "பிள்ளை, குறை நினையாதை. உந்தக் கோப்பையிலை மீன் வெடுக்கு அடிக்குது. எனக்குச் சிரட்டையிலை ஊத்தித் தா" என்பார். சண்டையால் சீனி இல்லாத காலம். பனங்கட்டித் துண்டைக் கடவாயில் ஒதுக்கிக்கொண்டு சிரட்டைத் தேநீரை உறிஞ்சும்போதும் அவருடைய மூக்கு ஓய்வதில்லை.

யாழ்ப்பாணத்து அச்சுவேலியில் வெங்காயம் செய்கிறார். மெலிந்த, கறுத்த தேகம். விதை வெங்காயத்தைப் பெருவிரலால் ஒருமுறை அமத்திவிட்டு, "உது முளைக்காது, கறிக்குப் போடு" என்று எறிந்தால் எறிந்ததுதான். நெற்றியில் நீறு காய்ந்து உதிர்ந்தால் மடியிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுப்பார். அதற்குள் குச்சிகள் இருப்பதில்லை, நீறுதான் இருக்கும். கோயில் அன்னதானத்தில் கிடாரங்களைச் சுற்றி வந்து அவர் தலையாட்டிய பிறகே இலை போடுவார்கள். எங்கள் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீர் துப்புரவாக இருக்கவென்று இரண்டு மீனை விட்டு வைப்பது வழக்கம். அவருடைய கிணற்றில் அதுவும் கிடையாது. "மீன் குளிச்ச தண்ணியிலை மனிசன் குளிக்கலாமோ எண்டு கேக்கிற ஆள்" என்று ஊர்க்காரர் இளையதம்பி சந்தையில் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் இந்தக் கெடுபிடி பிறவியிலேயே வந்ததல்ல. சாதாரணமாக மச்சம் மாமிசம் சாப்பிடாத மனிதராகத்தான் முன்பு இருந்தார். எண்பத்தெட்டு, எண்பத்தொன்பதில் வெங்காய லொறியோடு கொழும்புக்குப் போய்வரத் தொடங்கியபோதுதான் சிரட்டையும் மூக்கும் முன்னுக்கு வந்தன. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஆசாரம் ஒரு படி ஏறியது. மனைவி நல்லம்மா அவருக்கென்று சட்டி பானையைத் தனியே கழுவிக் கவிழ்க்கப் பழகிக்கொண்டார்.

லொறி சோமசேகரத்தினுடையது. அவர் இளையதம்பியின் தம்பி. கனகலிங்கத்தின் ஒன்றுவிட்ட தங்கச்சி மகாதேவியைக் கலியாணம் முடித்தவர். மச்சான்மார் இருவரும் கொழும்பில் வெங்காயத்தைக் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நேரே ஒரு சாண்ட்விச் கடைக்குப் போவார்கள். ஒரே பெயர்ப்பலகையோடு நகரில் நாலைந்து இடங்களில் இருந்த கடை. கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, காகிதத் தொப்பி போட்ட பொடியன்கள். இதையெல்லாம் கனகலிங்கம் பின்னாளில் வெங்காயத் தறை வரம்பில் குந்தியிருந்து என்னிடம் சொன்னார். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதும். இனி ஆருக்கு ஒளிக்கிறது?" என்றார்.

முதல் தடவை மச்சானுக்குத் துணையாக உள்ளே போனவர். இரண்டாம் தடவை மணத்துக்காகப் போனார். மூன்றாம் தடவை கடித்துவிட்டார். சூட்டுத் தகட்டில் வாட்டிய வெள்ளைப் பாண், உள்ளே வெண்ணெய், கடுகுப் பசை, வினாகிரியில் ஊறிய வெள்ளரிக்காய், தாள் போலச் சீவிய குளிர்ந்த மாட்டிறைச்சி. மெழுகுதாளில் சுற்றித் தருவார்கள். "கடிச்ச உடனை வெண்ணெய் வரும். பிறகு கடுகு மூக்கிலை ஏறும். கண் கலங்கும். இறைச்சி கடைசியாத்தான் தெரியும். தெரியிறதுக்கிடையிலை மற்ற வாய் கடிச்சுப்போடுவன்." சொல்லும்போது அவருடைய தொண்டை ஏறி இறங்கியது. சட்டென்று வெங்காயத்தாள் ஒன்றைப் பிடுங்கி மண்ணைத் தட்டத் தொடங்கினார்.

சாப்பிட்டு முடிந்ததும் குழாயடி. வாயைக் கொப்பளித்து, விரலை மண் போட்டுத் தேய்த்து, நெருப்புப்பெட்டியைத் திறப்பார். சோமசேகரம் லொறிக்குள் இருந்தபடி, "பூசும், பூசும். வயித்துக்கை கிடக்கிறது நெத்திக்குத் தெரியவே போகுது?" என்பார். திரும்பும் வழியில் கனகலிங்கம் இனி இல்லை என்று ஒவ்வொரு முறையும் நினைப்பார். அடுத்த லொறிக்கு வெங்காயம் கட்டும்போதே நாக்கு ஊறும். மச்சானைப் பகிடி செய்த சோமசேகரம் ஊரில் இதைப்பற்றி மூச்சுவிட்டதில்லை. வீட்டில் ஆட்டிறைச்சியும் நண்டும் தாராளமாகத் தின்கிற மனிதர், கொழும்பில் தின்றது மாடு என்பதை மகாதேவிக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால், கூட இருந்தது யார் என்ற கேள்வி வருமல்லவா?

தொண்ணூறில் சண்டை தொடங்கி, கொழும்புப் பாதை பூட்டியது. டீசல் இல்லாத லொறிக்குள் கோழி அடை கிடந்தது. தொண்ணூற்றிரண்டு ஆவணியில் சோமசேகரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் இருந்தவர் எழும்பவில்லை.

எங்கள் ஊரில் எட்டுச் செலவு என்று ஒன்று உண்டு. இறந்தவர் ஆசைப்பட்டுத் தின்றதையெல்லாம் எட்டாம் நாள் ஆக்கிப் படைப்பார்கள். மீன், இறைச்சி, கள் எதற்கும் அன்றைக்கு விலக்கில்லை. அதற்குப் பிறகு வரும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, திவசம் எல்லாம் சைவம். எட்டில் வைக்காமல் விட்டதைப் பிறகு ஒருநாளும் வைக்க முடியாது.

சோமசேகரத்தின் எட்டாம் நாள் காலை, முற்றத்தில் ஆட்கள் நிறைந்திருக்க, மகாதேவி கேட்டார். "அண்ணை, நீங்கள்தானே கூடத் திரிஞ்சனீங்கள். கொழும்பிலை இவர் விரும்பிச் சாப்பிடுறது என்ன?"

கனகலிங்கம் பந்தல் கப்புக்காலைப் பார்த்தார். "என்னத்தை... இடியப்பமும் சொதியும்தான்."

"உவன் இடியப்பத்துக்கே கொழும்புக்குப் போனவன்?" என்று இளையதம்பி சிரித்தார். கனகலிங்கமும் கூடச் சிரித்தார். அதற்குப் பிறகு தேங்காய் துருவக் கொடுத்தார்கள், துருவினார். யாரோ தேநீர் நீட்டியபோது மணந்து பார்க்காமலே குடித்துவிட்டார்.

பொழுதுபட்டதும் இலை விரித்தார்கள். ஆட்டிறைச்சிக் கறி, நண்டு, பொரித்த மீன், ஒரு போத்தல் கள்ளு, சுருட்டு. நடுவில் இடியப்பமும் சொதியும். படைத்து முடிந்தால் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். போனவர் வந்து சாப்பிடுவதற்கான நேரம் அது. மகாதேவி வாசலில் தயங்கி நின்றார்.

"எல்லாம் வைச்சாச்சு. எண்டாலும் எனக்கு மனம் ஆறேல்லை. கொழும்பாலை வந்தால் இரண்டு மூண்டு நாளைக்கு என்ரை கறி ஒண்டும் அவருக்குப் பிடியாது. அங்கை என்னத்தைத் திண்டாரோ, சொல்லாமலே போட்டார்."

"சரி, கதவைச் சாத்து பிள்ளை" என்றார் இளையதம்பி.

"பொறுங்கோ" என்று கனகலிங்கம் எழும்பினார். "பாண் கிடக்கோ?"

வந்த சனத்துக்கென்று கூட்டுறவுச் சங்கக் கடை வரிசையில் நின்று வாங்கிய பாணில் கால்றாத்தல் மிஞ்சியிருந்தது. இலையின் முன் சப்பணமிட்டு இருந்தார். இரண்டு துண்டு வெட்டினார். வெண்ணெய் எங்கே கிடைக்கும்? விளக்கருகில் இருந்த நெய்யைத் தடவினார். கடுகை அம்மியில் அரைப்பித்து அதன்மேல் பூசினார். கறிச்சட்டியில் இருந்து இறைச்சியை எடுத்து, குழம்பைத் துடைத்து, நார் நாராக மெல்லிசாய்க் கிழித்து அடுக்கினார். வெள்ளரிப்பிஞ்சைத் தாள் போல அரிந்து வைத்து, மூடி, உள்ளங்கையால் அமத்தி, மூலைக்கு மூலை வெட்டினார். ஓரிடத்திலும் கை நின்று யோசிக்கவில்லை. வெளியே நின்றவர்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"உமக்கு உது எப்பிடித் தெரியும்?" என்று இளையதம்பி மெதுவாகக் கேட்டார்.

"பக்கத்திலை இருந்தனான்."

"பாத்துக்கொண்டோ?"

மகாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்தார். "அண்ணை, அங்கையும் ஆட்டிறைச்சிதானோ?"

கனகலிங்கம் இலையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. கழுத்து வேர்த்திருந்தது.

"ஆடில்லை" என்றார்.

"சிவ சிவா" என்று பெண்கள் பக்கத்தில் ஒரு குரல். நல்லம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கனகலிங்கம் இடியப்பத்தை ஒரு கரைக்குத் தள்ளி, நடுவில் ஒரு பாதியை வைத்தார். மற்றப் பாதி கையிலேயே இருந்தது.

"அதையும் வையுமன். ஏன் பிடிச்சுக்கொண்டிருக்கிறீர்?" என்றார் இளையதம்பி.

"இது என்ரை."

அப்படிச் சொல்லிவிட்டு, தலை நிமிராமல், அதை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தார்.