ஈரக் குப்பை எது என்று அஞ்சலை கேட்டது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ர, ற இரண்டில் எது எங்கே வரும் என்று எனக்கு இன்றும் சந்தேகம். கோலார் தங்கவயலில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தேன், அதோடு சரி. இதை டைப் செய்கிறவர் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

நான் மல்லேஸ்வரம் பக்கத்தில் ஒரு டிரை வேஸ்ட் சென்டரில் பிரிக்கும் வேலை செய்கிறேன். வீடுகளில் இருந்து வரும் காய்ந்த குப்பையை மேசையில் கொட்டி, ரகம் ரகமாகப் பிரித்து, அழுத்திப் பேல் பேலாக, அதாவது பெரிய கட்டுகளாகக் கட்டி அனுப்புவது எங்கள் வேலை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதச் சொன்னார்கள். என்னோடு வேலை செய்யும் பிரான்சிஸ் போன வருஷமே எழுதிக் கொடுத்துவிட்டான். அவன் படத்தோடு அச்சில் வந்தது. நான் எழுதாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1. பிரான்சிஸும் நானும்

பிரான்சிஸும் தங்கவயல்காரன்தான். என் வயது. சென்டரில் எனக்கு இரண்டு வருஷம் பின்னால் சேர்ந்தான். வேலையில் அவன் கை மெதுவான கை. வாய் வேகம். தமிழ், கன்னடம், உருது எதிலும் பேசுவான், நடுவில் இங்கிலீஷும் போடுவான். எனக்கு நான்கு பேர் சேர்ந்து பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கவரைக் கசக்கினால் சத்தம் போடுவது எச்.எம். ரகம், சத்தம் போடாமல் மெத்தென்று இருப்பது எல்.டி. ரகம் என்று அவனுக்குச் சொன்னது நான். பாட்டிலை வெட்டித் தண்ணீரில் போட்டால் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் முழுகும், மூடி மிதக்கும் என்று காட்டியதும் நான்தான். ஒரு நாள் அபார்ட்மெண்ட் ஆட்கள் முப்பது பேர் பார்க்க வந்தார்கள். பிரான்சிஸ் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து அதையே செய்து காட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு பெரியவர் சால்வை போர்த்தினார். நான் பின்னால் பால் கவர் அலசிக்கொண்டிருந்தேன்.

"மச்சி, சால்வை சூப்பரா இருக்கு பாரு, தொட்டுப் பாரு" என்றான்.

தொட்டுப் பார்த்தேன். "பாலியஸ்டர்" என்றேன். அன்றைக்கு என்னால் முடிந்த பழிவாங்கல் அவ்வளவுதான்.

2. நான்கு பெண்கள் வந்தார்கள்

எங்கள் சென்டரை நடத்தும் குழுவில் விஜயா மேடம் இருக்கிறார். அவர் அம்மா வழியில் தமிழ்நாட்டுக் கடலோரத்து மீனவர் ஊர் ஒன்று அவருக்குப் பழக்கம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று அந்த ஊர்ப் பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். அங்கே கரையில் ஒதுங்கும் குப்பையையும் படகடியில் சேரும் குப்பையையும் பிரித்து எங்கள் சென்டருக்கு அனுப்ப ஒரு பெண்கள் குழு சேர்ந்திருந்தது. ஊர்ப் பஞ்சாயத்து அவர்களுக்குப் பழைய ஐஸ் ஷெட்டைக் கொடுத்திருந்தது. ஒரு நிபந்தனை: முதல் மூன்று லோடு, சரியில்லை என்று திரும்பி வராமல் போக வேண்டும். ஒன்று திரும்பினாலும் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும். படகு இன்ஜின் வைக்க அந்த ஷெட்டுக்கு வேறு ஆட்கள் காத்திருந்தார்கள்.

அந்தக் குழுவில் இருந்து நான்கு பேர் வேலை பழக எங்களிடம் வந்தார்கள். மூத்தவர் அஞ்சலை. சொல்லிக்கொடுக்க மேடம் பிரான்சிஸைத்தான் நிற்க வைத்தார்.

பெங்களூரில் காலையில் வண்டி வந்ததும் "ஹசி கசா, ஒண கசா" என்று கூவுவார்கள். ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை என்று அர்த்தம். இங்கே யாரும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மழையில் நனைந்த பாட்டிலும் எங்களுக்கு ஒண கசாதான். காய்ந்து போன சப்பாத்தியும் ஹசி கசாதான். பழகிவிட்டது.

பிரான்சிஸ் அதை அப்படியே தமிழாக்கி இரண்டு டிரம்மில் பெயிண்டால் எழுதினான். ஒன்றில் 'ஈரம்', இன்னொன்றில் 'காய்ந்தது'. "இவ்ளோதாம்மா வேலை. ஈரம் குழிக்கு, உரமாகும். காஞ்சது மூட்டைக்கு, பெங்களூருக்கு வரும். சிம்பிள்" என்றான். மேடம் "எவ்ளோ அழகா சொல்றார் பாருங்க" என்றார்.

டீ நேரத்தில் அஞ்சலை என் மேசைக்கு வந்தார். குரலைத் தணித்துக் கேட்டார்.

"அண்ணே, எங்க ஊர்ல கடல்ல இருந்து வர்றது எல்லாமே ஈரந்தானே. வலை, செருப்பு, பாட்டில் எல்லாம் சொட்டச் சொட்டத்தான் வரும். அதெல்லாம் எதுல போட?"

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அந்த ஊரில் இந்த இரண்டு சொல்லும் தலைகீழாகப் போகும் என்று தெரிந்தது. ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம்.

"அவரைக் கேளுங்க. அவர்தானே வாத்தியார்" என்றேன்.

"அவர் கிட்ட கேட்டா சிரிப்பாருண்ணே."

நான் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கவரைக் கசக்கிப் பிரிக்க ஆரம்பித்தேன். அவர் போய்விட்டார். எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். தப்பு நடக்கட்டும், அவன் டிரம்மில் அவன் எழுத்துதானே இருக்கிறது என்று நினைத்தேன்.

3. முதல் லோடு

ஒரு மாதம் கழித்து, பெங்களூருக்கு மீன் கொண்டுவரும் வண்டியில் பன்னிரண்டு மூட்டை வந்தது. முதல் மூட்டையை பிரான்சிஸ்தான் அவிழ்த்தான். அவிழ்த்த கையோடு மூன்றடி பின்னால் போனான்.

உள்ளே கருவாட்டுத் தலை. இறால் ஓடு. காய்ந்த பாசி. பனை ஓலை. அவ்வளவும் நன்றாக வெயிலில் காய்ந்து, மொறமொறவென்று, சுத்தமாகக் கட்டி வந்திருந்தது. பன்னிரண்டு மூட்டையிலும் சேர்த்து நாங்கள் எடுக்கக்கூடிய பிளாஸ்டிக் ஒரு கூடை தேறவில்லை.

எதிர் வீட்டு ஆள் மாடியில் இருந்து எட்டிப் பார்த்தார். "ஏனப்பா, இது சென்டரா, மீன் மார்க்கெட்டா?"

மேடம் வந்தார். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டே அஞ்சலைக்கு ஃபோன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"என்னம்மா அனுப்பியிருக்கீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான் மேடம். ஈரமா இருந்ததை ஈரத்துல போட்டோம். காஞ்சதைக் காஞ்சதுல போட்டோம்."

"அப்போ வலையெல்லாம்?"

"குழியில போட்டு மூடிட்டோம். உரமாகும்னாரே."

சென்டரில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பிரான்சிஸ் உரக்கச் சிரித்தான். "நான் க்ளியரா சொன்னேன் மேடம். அவங்களுக்குப் புரியல, என்ன பண்றது."

ஃபோனில் அஞ்சலை சொன்னார்: "லோடு திரும்பிடுச்சுன்னா வெள்ளிக்கிழமை பஞ்சாயத்துல ஷெட் சாவி கேப்பாங்க மேடம். நாப்பது பொம்பளைங்க கரையில பொறுக்கிட்டுக் கிடக்குறோம்."

"பார்க்கலாம்மா" என்று மேடம் வைத்துவிட்டார். எங்களைப் பார்த்து, "அவங்களுக்கு இன்னும் டைம் வேணும் போல. இப்ப நிறுத்திடலாம்" என்றார்.

பிரான்சிஸ் விழ வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன். அவன் டீ குடித்துக்கொண்டு நின்றான். விழுந்தது வேறு ஆட்கள்.

"மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது முறை சொன்ன பிறகுதான் திரும்பினார். "அவங்க மேல தப்பு இல்ல. அன்னிக்கே என்கிட்ட கேட்டாங்க. எனக்குத் தெரியும். நான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

பிரான்சிஸ் டம்ளரை வைத்துவிட்டு அருகில் வந்தான்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா."

"உன்னைத்தான் எல்லாரும் பார்த்துட்டிருந்தாங்களே" என்றேன். அவனுக்குப் புரிந்தது.

4. நண்டு

அந்த மீன் வண்டி திரும்பும்போது நானும் அதிலேயே ஏறிப் போனேன். மேடம் "நீங்களே போய்ச் சரி பண்ணுங்க" என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

போனதும் குழியைத் தோண்டினோம். நாற்பது பெண்களும் நானும். வலையும் செருப்பும் மீன் குடலோடு பின்னிக் கிடந்தன. தோண்டும்போது ஒருவரும் என்னைத் திட்டவில்லை. அஞ்சலை மட்டும் ஒரு முறை, மண்வெட்டியைக் கை மாற்றும்போது சொன்னார்: "அன்னிக்கு நீங்க திரும்பிக்கிட்டீங்கண்ணே." நான் அடுத்த வலையைப் பிடித்து இழுத்தேன்.

டிரம்மில் என்ன எழுதுவது என்று பேச்சு வந்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று எழுதலாம் என்றேன். அந்த எழுத்துப் போட்ட தொட்டி அந்த ஊரில் ஏற்கெனவே இருந்தது. "அதை யாருண்ணே படிக்கிறா, அதுல தண்ணி பிடிச்சு வெச்சிருக்கோம்" என்றார்கள்.

அஞ்சலை குழி ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோண்டிப் போட்ட குவியலில் நண்டுகள் ஏறி, குடலை இழுத்துக்கொண்டு போயின. வலையை விட்டுவிட்டன.

"நண்டு திங்கிறது, நண்டு திங்காதது" என்றார்.

"தேங்கா மட்டையை நண்டு திங்குமாடி?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"அதை உன் அடுப்பு திங்கும். அது மூணாவது."

எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரு டிரம்மில் நண்டு வரைந்தார்கள். இன்னொன்றில் நண்டு வரைந்து குறுக்கே கோடு போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பஞ்சாயத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். "தப்பு எங்களுது. முக்கியமா என்னுது. கேட்டப்ப சொல்லாம விட்டேன்" என்றேன்.

தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன்யா, இதைச் சொல்லவா பெங்களூர்ல இருந்து மீன் வண்டியில வந்தே?"

"ஆமாங்க."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். பிறகு, "இந்த லோடைக் கணக்குல சேக்க வேணாம். முதல்ல இருந்து மூணு பார்ப்போம்" என்றார். சாவி அஞ்சலையிடமே இருந்தது.

அந்த மூன்று லோடும் திரும்பவில்லை.

புதியவர்களுக்கு

இப்போது பெங்களூரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் பிரான்சிஸ் "நண்டு திங்கிறது, திங்காதது" என்று சொல்லிக் கை தட்டு வாங்குகிறான். அஞ்சலை சொன்னது என்று பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. அந்தச் சொல் எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று இப்போது அஞ்சலை மேலேயும் கொஞ்சம் பொறாமை உண்டு. இது போகும் என்று நான் பொய் சொல்லப் போவதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். கூட வேலை செய்கிறவன் மேல் பொறாமை வந்தால் வரட்டும், அதை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். வேலையைப் பற்றி ஒருவர் உங்களிடம் கேட்டால், உங்களுக்குத் தெரிந்த பதிலை அன்றைக்கே, கேட்டவரிடமே சொல்லிவிடுங்கள். அந்தப் பதில் உங்களுடையது இல்லை. நான் ஒரு மாதம் வைத்திருந்தேன். நாற்பது பேர் குழி தோண்ட வேண்டி வந்தது.

ஏழுமலை
ஒக்கலிபுரம்
27.10.2025, திங்கட்கிழமை