பெட்டி வைக்க ஓர் அலுமாரி

கல்யாணமாகி நாலு மாதம் என் மனைவி சூட்கேஸிலேயே குடும்பம் நடத்தினாள். காலையில் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து அதை இழுப்பாள், திறப்பாள், ஒரு சேலையை எடுப்பாள், மூடி இரண்டு பூட்டையும் 'டக் டக்' என்று அழுத்துவாள், மறுபடி உள்ளே தள்ளுவாள். எங்கோ புறப்படுகிறவர்கள் எழுப்புகிற சத்தம் அது.

கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்தது ஓர் அறை, சமைக்க ஒரு குசினி, பின்னால் சீமெந்து போட்ட ஒரு துண்டு இடம். வீட்டுக்காரர் முஸ்லிம், கண்டி டவுனில் துணிக்கடை வைத்திருந்தார். நாங்கள் அவரை நானா என்போம். தங்கமான மனிதர். சாவியைக் கையில் கொடுத்த அன்று ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"செவத்துல ஆணி மட்டும் அடிக்க வாணாம் தம்பி. மத்தபடி ஒங்கட வீடு மாதிரி பாவிச்சுக்கோங்க."

பெரிய மனுஷனாட்டம் தலையை ஆட்டிவிட்டேன். பிறகுதான் உறைத்தது. நான் பிறந்து வளர்ந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றையறை வீடுகளில் ஒன்றில். லயக் காம்பராவில் சுவருக்குச் சுவர் ஆணி அடித்துக் கயிறு கட்டியிருக்கும். அன்றாடம் உடுத்துவது அந்தக் கொடியில், நல்ல துணி தகரப் பெட்டியில். துணி வைக்க உலகத்தில் மூன்றாவதாக ஓர் இடம் உண்டென்று நான் யோசித்ததே இல்லை. ஆணி கிடையாது என்றதும் கொடியும் கிடையாது என்றாகிவிட்டது. என் சட்டைகள் உட்காருகிற கதிரையின் முதுகில் ஏறின. அவள் துணிகள் சூட்கேஸை விட்டு இறங்கவே இல்லை.

அவள் தெல்தெனியக்காரி. சந்தைக்குப் பக்கத்தில் அவள் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை படித்தவள். நானோ பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் சரக்கு ஏற்றி இறக்கி எண்ணுகிற ஆள். பெண் பார்க்கப் போன அன்றே அவள் முகத்தில் பெரிய சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. நான்தான் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமை காலையில் அம்மா வீட்டுக்குப் போவாள். சூட்கேஸை முழுதாகத் தூக்கிக்கொண்டு போவாள். இரண்டு நாளைக்கு எதற்கு இவ்வளவு என்று ஒரு தடவை கேட்டேன். "பிரிச்சு எடுக்கிறத விட இது லேசுங்க" என்றாள்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தால், கண்ணாடியில் ஒட்டிய ஒரு பொட்டைத் தவிர அவளுடையது என்று ஒரு பொருளும் இருக்காது. இப்படியே வராமல் நின்றுவிட்டால், எடுத்துப்போக வேண்டுமென்றுகூட அவள் ஒரு தடவை வரவேண்டியதில்லை. ஞாயிறு சாயந்தரம் ஆறு மணி பஸ்ஸில்தான் வருவாள் என்று தெரிந்தும் நாலரைக்கே போய் பஸ் ஹோல்ட்டில் நிற்பேன். பயம்தான், வேறென்ன.

ஓர் அலுமாரி வாங்கிவிட்டால் அந்தப் பெட்டி ஓர் இடத்தில் நிலைக்கும், பெட்டி நிலைத்தால் அவளும் இருந்துவிடுவாள். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான். கண்டியில் ஒரு தளபாடக் கடைக்குக் கூட்டிப்போனேன். அவள் கதவுகளைத் திறந்து திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு போனாள். நான் விலைச் சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்து, ஆளுக்கொரு பிளேன்டீ குடித்துவிட்டு பஸ் ஏறினோம். "பரவால்லங்க, பாத்துக்கலாம்" என்றாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. வீடு வந்து சேருமுன் முடிவு பண்ணிவிட்டேன், அலுமாரியை நானே செய்வதென்று. அதுவரை நான் மரத்தில் செய்த வேலை கிரிக்கெட் விக்கெட் சீவியது மட்டும்தான்.

மரத்துக்குப் பஞ்சமில்லை. ஸ்டோர்ஸுக்குச் சரக்கு வந்து இறங்குவதே மரப் பலகைத் தட்டுகளின் மேல்தான், பெலட் என்போம். உடைந்த பெலட்டுகள் பின்பக்கம் மலையாகக் குவிந்து கிடந்து விறகாகப் போகும். பொறுப்பாளரிடம் கேட்டேன். தாராளமாக எடுத்துக்கொள் என்றார், என்ன செய்யப் போகிறாய் என்றும் கேட்டார். அலுமாரி என்றதும் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரனும் எழுந்து வந்துவிட்டான். எனக்கு மூக்கு சிவந்தது. அன்றைக்கே ஒரு கட்டுப் பலகையோடு பஸ்ஸில் ஏறினேன். கொண்டக்டர் பலகைக்கும் ஒரு டிக்கட் வாங்கச் சொன்னான். அப்படியென்றால் அது உட்கார ஓர் இடமும் கொடு என்றேன். குண்டசாலை வரைக்கும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

பெலட்டிலிருந்து ஒரு பலகையை முழுசாகப் பிரித்தெடுப்பது லேசுப்பட்ட காரியமல்ல. முதல் வாரம் நான் உடைத்ததுதான் அதிகம். பிடுங்கிய ஆணிகளைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவேன். பாதி ஆணி நிமிரும், பாதி நேரம் என் பெருவிரல் நசுங்கும். பலகை முனையில் ஆணி அடித்தால் 'சர்' என்று நீளத்துக்குப் பிளந்துகொண்டது. ஹார்ட்வெயார் கடைக்காரர்தான் வழி சொன்னார்: ஆணியைத் தலைகீழாக வைத்துக் கூர் முனையில் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிவிட்டு அடித்தால் மரம் பிளக்காதாம். உலகத்தில் இருக்கிற ஆணியெல்லாம் கூராக இருப்பது எதற்கு என்று கேட்டேன். பதிலுக்கு அவர் எனக்கு இன்னொரு பாக்கெட் ஆணி விற்றார்.

அளவுக்கு நான் கொஞ்சம் தனியாகவே மெனக்கெட்டேன். என் தகரப் பெட்டியை நீள அகலம் உயரம் எல்லாம் டேப்பால் அளந்தேன். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து சூட்கேஸையும் வெளியே இழுத்து அளந்து எழுதிக்கொண்டேன். ஒரு நூல் கூடக் குறையக் கூடாது என்று பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்பக்கம் வேலை நடக்கும். அவள் அம்மா வீட்டுக்குப் போகாத ஞாயிறுகளில் குசினிப் படியில் உட்கார்ந்து போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டு பார்ப்பாள். புத்தி சொல்லமாட்டாள். நான் ஆணியைத் திட்டும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்வாள். பலகையின் தடிப்பைக் கணக்கில் எடுக்காமல் வெட்டியதில் சட்டம் ஒரு தடவை முழுதாகக் கோணிப்போயிற்று. கோபத்தில் மரம் அறுக்கிற வாளை ஒரு பக்கம் எறிந்தேன், சுத்தியலை ஒரு பக்கம் எறிந்தேன். அவள் எழுந்து போய் இரண்டையும் பொறுக்கி வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து போஞ்சி நறுக்கினாள். நான் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி தொடங்கினேன்.

அப்படியிருக்கும்போது ஒரு புதன்கிழமை தெல்தெனியவிலிருந்து சேதி வந்தது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் வந்து இரு என்று. சனிக்கிழமை போறேன் என்றாள்.

"எத்தன நாளைக்கு?"

"தெரியலங்க. அம்மா எழும்பி நடக்கிற வரைக்கும்."

நான் அரை நாள் லீவு போட்டேன். வியாழன் சாயந்தரமும் வெள்ளி சாயந்தரமும் கை ஓயாமல் வேலை செய்தேன். அவள் சூட்கேஸ் இந்தத் தடவையும் பஸ் ஏறக்கூடாது, அது ஒன்றுதான் மனதில் ஓடியது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம் கதவுக்குக் கீல் பூட்டி முடித்தேன். இரண்டு கதவும் நடுவில் சேரவில்லை, ஒரு விரல் இடைவெளி. போகட்டும், காற்றோட்டம். மெல்ல உள்ளே நகர்த்தி, சுவரோரம் நிறுத்தி, அவளைக் கூப்பிட்டேன்.

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்தாள். உள்ளே தலையை நீட்டி மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள்.

"தட்டு எங்க?"

"என்னா தட்டு?"

"துணி அடுக்க."

நான் நிதானமாக விளக்கினேன். கீழ் அறை என் தகரப் பெட்டிக்கு. மேல் அறை உன் சூட்கேஸுக்கு. இரண்டும் அளந்து செய்தது, சும்மா வழுக்கிக்கொண்டு போய் உட்காரும், வேண்டுமானால் வைத்துப் பார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. "அலுமாரிக்குள்ள பொட்டிய வைக்கவா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

நான் என்ன செய்வேன். அதுவரை நான் உள்பக்கம் பார்த்திருந்த அலுமாரி ஒன்றே ஒன்று, தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தது. அதற்குள்ளே பெட்டி பெட்டியாகத்தான் மருந்து அடுக்கியிருக்கும். துணி என்றால் பெட்டியில் இருக்கும், பெட்டி என்றால் அலுமாரியில் இருக்கும் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். கடையில் அவள் கதவைத் திறந்து பார்த்தபோது நானும் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கலாம்.

ஸ்டோர்ஸில் சிரித்தார்கள், பொறுத்தேன். இவளும் சிரித்ததைப் பொறுக்க முடியவில்லை.

"சிரி, நல்லா சிரி. போறவதானே நீ. பொட்டி கட்டினபடியே இருக்கு. நாளைக்குத் தூக்கிட்டுப் போ, திரும்பி வராட்டியும் ஒண்ணும் கொறைஞ்சு போகாது!"

நாலு மாதமாக உள்ளே கிடந்தது வாய் தவறி வந்துவிட்டது. அவள் சிரிப்பு நின்றது.

"நான் போயிருவேன்னு நெனச்சுக்கிட்டா இத்தன நாளா இத செஞ்சீங்க?"

நான் அலுமாரிக் கதவைச் சாத்தினேன்.

"வந்த அன்னிக்கு ஒங்ககிட்ட கேட்டேன், இதெல்லாம் எங்க வைக்கிறதுன்னு. ஞாபகம் இருக்கா? பொட்டியிலேயே இருக்கட்டும்னு நீங்கதான் சொன்னீங்க. நான் என்னா நெனச்சிருப்பேன்? இந்த மனுஷனுக்கு நம்மள வச்சுக்கிற எண்ணம் இல்ல போலன்னு நானும்தான் பயந்து கிடந்தேன்."

சொன்னது நான்தான். இருக்கட்டும் என்றது, எங்கள் வீட்டில் நல்ல துணிக்கு அதுதான் மரியாதையான இடம் என்பதால். அதைச் சொல்ல வாயெடுத்தேன், சிரிப்புத்தான் வந்தது. இந்தத் தடவை இருவருக்கும் வந்தது.

மறுநாள் காலையில் அவள் பஸ்ஸுக்குப் போகவில்லை, மத்தியான பஸ்ஸில் போகலாம் என்றாள். மிச்சம் கிடந்த பலகைகளை இழுத்து வந்தோம். டேப்பை எடுத்தேன். அவள் அதை வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு சேலையை மடித்துக் கொண்டுவந்து பலகை மேல் வைத்தாள். "இந்த அகலம் வந்தாப் போதும்." அவள் பலகையின் ஒரு முனையை மிதித்துக்கொள்ள நான் அறுத்தேன். நாலு தட்டு. அவள் பிடித்த தட்டுகள் நேராக நின்றன. அதற்கு முன் நான் தனியாக அடித்ததெல்லாம் இன்றைக்கும் கொஞ்சம் சாய்வுதான். மத்தியானம் ஒரு துணிப் பையில் மூன்று சேலையை மட்டும் போட்டுக்கொண்டு தெல்தெனிய பஸ் ஏறினாள்.

ஒன்பது நாள் போயிருந்தாள். நான் வேலை விட்டு வந்ததும் அலுமாரியைத் திறப்பேன், மூடுவேன். அவள் துணிகள் மேல் தட்டு இரண்டிலும் இருந்தன. எனக்கு அது போதுமாக இருந்தது. அவள் திரும்பி வந்த ஞாயிறு நான் பஸ் ஹோல்ட்டுக்கும் போகவில்லை, வீட்டில் இருந்து பருப்பு வேகவைத்தேன். அடி பிடித்துவிட்டது, அது வேறு விஷயம்.

அவள் திரும்பி வந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் வேலையிலிருந்து வந்து செருப்பைத் தள்ளக் குனிந்தபோது கட்டிலுக்கு அடியில் வெறும் தரை தெரிந்தது. திக்கென்றது. அலுமாரியைத் திறந்தேன், துணிகள் அப்படியே இருந்தன. குசினியில் அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"சூட்கேஸ் எங்க?"

"பக்கத்து வீட்டு அக்கா நாளைக்கு குவைத்துக்குப் போறாங்க. நல்ல பொட்டி ஒண்ணு இல்லாம அல்லாடிக்கிட்டு இருந்தாங்க. குடுத்துட்டேன்."

"ஒங்கப்பா நம்ம கல்யாணத்துக்கு வாங்கித் தந்தது. திருப்பித் தருவாங்களா?"

அவள் திருவுவதை நிறுத்தவில்லை.

"எதுக்குத் திருப்பி? போறவங்களுக்குத்தானேங்க பொட்டி வேணும்."