மைக்கில் சொன்ன வைரம்

"போடுறவ ஒருத்தி, பாக்குறவுக ஒம்பது பேரு" என்று என் பெரியப்பா ஒரு சொலவடை சொல்வார். அதற்கு இன்னொரு பாதி உண்டு. அழுகிறவளைப் பற்றியோ, அளக்கிறவனைப் பற்றியோ ஏதோ வரும். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. நகைத் தொழிலில் முதல் பாதியை வைத்தே காலத்தைத் தள்ளிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

நான் விற்பது மொய்சனைட். ஆலையில் செய்கிற கல். வெள்ளிச் சங்கிலியில் பதித்து, கேட்டால் தங்க முலாம் பூசித் தருவேன். வைரத்தைவிட வண்ணமாக மின்னும், லேசில் கீறல் விழாது, விலையோ வைரத்தின் வாசற்படிக்குக்கூட வராது. ஷார்ஜாவில் இருபது வருஷம் நகைக்கடைக் கவுண்டரில் நின்றவன் நான். அந்தக் கடை மூடியதும் நாற்பத்தேழு வயதில் சொந்த ஊரான போடிக்குத் திரும்பி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை போட்டேன். அப்பா மலைமேல் எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்ததால் அஞ்சாவது வரை மலையாளத்தில் படித்தேன், மிச்சத்தைப் போடியில் தமிழில் படித்தேன். 'இது வைரம் இல்லை' என்று இரண்டு பாஷையிலும் சொல்லத் தெரியும். இரண்டிலும் யாரும் காதில் வாங்கியதில்லை. உண்மையைச் சொல்லி வியாபாரம் பண்ணி வாய் நொந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், இடம் இருக்கிறது.

ஈரத் துண்டு

கடை திறந்த முதல் வாரம் ஒரு ஏலக்காய் வியாபாரி வந்தார். மகளுக்கு ஒரு சங்கிலி வேண்டும். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்: "அண்ணே, இது வைரம் இல்ல, மொய்சனைட்." அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டின் நுனியை என் தண்ணீர் செம்பில் நனைத்தார். சங்கிலியை அதில் வைத்துப் பரபரவென்று தேய்த்தார். பிறகு துண்டை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் விளங்கியது. மங்கின ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி விற்கிறவர்கள் உண்டு. ஈரத்துணியில் தேய்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மனுஷர் முப்பது வருஷமாக அப்படித்தான் காய் வாங்குகிறார். துண்டில் ஒன்றும் ஒட்டவில்லை. அடுத்து சங்கிலியை மூக்கருகே கொண்டுபோனார். இரண்டு தடவை மோந்தார். எல்லாம் சரியாக இருப்பதே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"சாயமும் போகல, வாசமும் வரல. அப்பறம் எத வச்சுத்தான் ஒருத்தன் நம்புறது?"

என் கழுத்து

விற்கிறவன் போட்டுக்கொள்ளாவிட்டால் வாங்குகிறவன் எப்படிப் போடுவான் என்று நானும் ஒரு சங்கிலி போட்டிருக்கிறேன். ஒற்றை வரிசைக் கல். வேர்வை, மழை, சலூன்காரரின் கத்திரி எல்லாம் பார்த்துவிட்டது. ஒருநாள் பூப்பாறையில் ஒரு கடைக்கு நகை கொடுக்க, காலையில் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களோடு ஜீப்பில் ஏறினேன். எட்டுப் பேர் உட்கார வேண்டிய ஜீப்பில் நாங்கள் பதினாறு பேர். போடிமெட்டு வளைவில் வெயில் என் கழுத்தில் விழுந்தது, ஜீப்பு முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் ஓடியது.

"அண்ணே, என்னா கல்லு அது?" என்றாள் எதிரே இருந்தவள். பெயரைச் சொன்னேன். "நாக்குல நிக்காத பேரா இருக்கு. வைரம்னுட்டுப் போங்கண்ணே, ஆரு கேக்கப் போறா?" என்றாள். "வைரம் இல்லத்தா" என்றேன். ஜீப்பே சிரித்தது. அப்போதுதான் கவனித்தேன்: அத்தனை பெண்களும் காதிலும் கழுத்திலும் பொட்டுத் தங்கம் இல்லாமல் இருந்தார்கள். ஏலச்செடிக்குள் குனிந்து குனிந்து எழுகிறபோது அறுந்து விழுந்தால் சருகுக்குள் தேடி எடுக்க முடியாது. அதனால் தாலியைக்கூட வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிற்றோடு மலையேறுகிறார்கள். எதிரே இருந்தவள் தன் கயிற்றை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

"ஆம்பள கழுத்துல கல்லு, பொம்பள கழுத்துல கயிறு. நல்லாத்தேன் இருக்கு ஒங்க ஊரு ஞாயம்."

கறை

அப்படி மலையில் காய் பறிக்கிற ஒருத்தி, சொந்தச் சம்பாத்தியத்தில் என்னிடம் ஒரு சங்கிலி வாங்கினாள். தோட்டத்துக்குள்ளேயே குடியிருப்பு. அறுந்து விழாமல் ரவிக்கையோடு ஊக்குக் குத்தி, கழற்றாமல் போட்டிருந்தாள். ஏழெட்டு மாதம் கழித்து வந்தாள். கல் செத்துக் கிடந்தது. காய் பறிக்கிற கையில் ஏறும் கறை, அடுப்புப் புகை, தேங்காய் எண்ணெய் எல்லாம் சேர்ந்து கண்ணாடிச் சில்லு மாதிரி ஆகியிருந்தது. இந்தக் கல்லுக்கு இது சாதாரணம். எண்ணெய்ப் பிசுக்கு சீக்கிரம் பிடிக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, குழந்தைகள் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தேன். பத்து நிமிஷத்தில் புதுசு.

அவள் முகம் மலரும் என்று காத்திருந்தேன். அவள் சங்கிலியை வாங்கி, பார்த்து, பயந்தாள். இத்தனை நாளும் மாமியார் அதைத் திருவிழாக்கடைக் கல் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். இப்படி மின்னினால் எங்கே வாங்கினாய், யாரைக் கேட்டு வாங்கினாய் என்று வீட்டில் பஞ்சாயத்து வரும். சங்கிலியை மறுபடி என் முன்னால் வைத்தாள்.

"கொறச்சு அழுக்கு இருக்கட்டும் சேட்டா. மங்கிக் கெடந்தாத்தான் எங்கிட்ட இருக்கும்."

சீர்

இனிச் சொல்லப்போவது என் சொந்தக் கதை. அக்கா மகள் மஞ்சுவுக்குச் சிலமலையில் சம்பந்தம். நான் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர்த்தட்டு மேளத்தோடு வரும். மண்டபத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, மாமன் என்னென்ன கொண்டுவந்தான் என்று ஒன்றொன்றாகக் கூவுவார். நான் கொண்டுபோனதில் ஒரு மொய்சனைட் சங்கிலியும் இருந்தது. அது வைரம் இல்லை என்று அக்காவிடம் முன்கூட்டியே சொன்னேன். மஞ்சுவிடமும் சொன்னேன்: "தெனமும் போட்டுக்கத்தா. குளிக்கிறப்பக்கூடக் கழட்ட வேணாம். அதுக்குத்தான் இதக் குடுக்கிறேன்." பிள்ளைக்கு அவ்வளவு சந்தோஷம்.

மைக் பிடித்தவர் பட்டுப்புடவை, வெள்ளிக் குத்துவிளக்கு எல்லாம் முடித்துவிட்டு, அக்கா கொடுத்திருந்த சீட்டைப் பார்த்து, "வைரச் சங்கிலி ஒன்று!" என்றார். மண்டபம் திரும்பியது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சம்பந்தியம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு எட்டு எடுத்து வைத்து மைக்கை வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அக்காவின் மானத்துக்காக என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது முழு உண்மை இல்லை. இருபது வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு இரண்டு பெட்டியோடு திரும்பியவன் நான். அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பிடித்திருந்தது. பின்வரிசையில் ஒரு சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது, அதுவும் பிடித்திருந்தது.

"துபாய்க்காரன்னா துபாய்க்காரன்தேன்யா. நாமளும் மாமன்னு போயி வெள்ளாட்டங்குட்டியப் பிடிச்சுட்டு நின்னமே!"

பீரோ

நாலு மாதம் கழித்து மஞ்சு சிலமலையிலிருந்து கடைக்கு வந்தாள். கழுத்தில் தாலி மட்டும் இருந்தது. "எங்கத்தா அது?" என்றேன். பீரோவில் என்றாள். வைரமாயிற்றே, சோறு வடிக்கும்போதும் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும் போடலாமா? மாமியார் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். கெட்ட மனுஷி என்று சொல்ல முடியாது. தோட்டம் துரவை ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்தவர், எதையும் பத்திரமாகத்தான் வைப்பார். "வெள்ளிக்கெழம வெளக்கேத்துறப்ப தொறந்து காட்டுவாங்க மாமா. சாமி மாதிரி பாத்துட்டு வந்துருவேன்" என்று சிரித்தாள்.

அந்த வீட்டில் அது வைரம் இல்லை என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த ரகசியத்தைச் சுமந்துகொண்டு அந்தப் பீரோ முன்னால் நிற்கிறாள். "நீ சொல்லிரலாம்லத்தா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் யோக்கியதை எனக்கு உறைத்தது. அவள் கோபப்படவில்லை. கண்ணாடி மேஜையில் இருந்த விரல் ரேகையை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"மண்டபத்துல நின்ன நீங்களே சொல்லல மாமா. நாஞ்சொன்னா நம்புவாங்களா?"

பேனா

போன வாரம் மஞ்சு போன் பண்ணினாள். குரல் சரியில்லை. நாத்தனாருக்கு மதுரையில் மாப்பிள்ளை முடிவாகியிருக்கிறது. நகையில் அந்த 'வைரச் சங்கிலி'யையும் சேர்த்துப் போடப்போகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லியாயிற்று. மாமியார் நிதானமானவர், கொடுக்கும் முன் போடியில் ஒரு நகைக்கடையில் சோதித்திருக்கிறார். கடைக்காரர் பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லில் வைத்ததும் விளக்கு எரிந்து 'கீ' என்று சத்தம் வந்ததாம். வைரமேதான் என்று சொல்லிவிட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பேனா கல்லில் சூடு எப்படிப் பரவுகிறது என்பதை மட்டும்தான் பார்க்கும். அந்த ஒரு விஷயத்தில் மொய்சனைட் வைரத்தைப் போலவே நடக்கும். வேறு வகைக் கருவி இருக்கிறது, அது இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும். மதுரைப் பெரிய கடைகளில் அது இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் அங்கே கொண்டுபோனால் கேள்வி இப்படித்தான் வரும்: போடியில் வைரமாக இருந்த கல் எப்படி மாறியது? அந்த வீட்டில் யாருடைய மாமன் இந்த மாதிரிக் கல் விற்கிறான்? மஞ்சு கல்லை மாற்றிவிட்டாள் என்பார்கள். அந்தப் பிள்ளை எந்தக் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணினாலும் எடுபடாது.

அன்று சாயங்காலமே அக்கா கடைக்கு ஓடிவந்தாள். செருப்பைக் கழற்றவில்லை, உட்காரவில்லை.

"அவ போன் பண்ணாளாக்கும்? நீ வாயத் தொறக்காத."

"மதுரையில தெரிஞ்சுபோகும்க்கா."

"தெரியறப்பப் பாத்துக்கலாம். இப்பப் போயிச் சொன்னா நாந்தான பொய் சொன்னவளாவேன்? சம்பந்தியம்மா மொகத்துல எப்பிடி முழிப்பேன்?"

"அப்ப மஞ்சு எப்பிடி முழிப்பா?"

அக்கா வாசல் பக்கம் திரும்பினாள். வாசலில் ஒரு லாரி ஏலக்காய் மூட்டையோடு திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. என் கழுத்தில் கிடந்த சங்கிலியை வெறித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மிஷினே வைரம்னு சொல்லிருச்சு. ஒனக்கு மட்டும் என்னடா வலிக்குது?"

இத்தனை கழுத்துக்குக் கொடுத்ததில், வைரம் இல்லை என்று நான் சபையில் வாய்திறந்து சொல்லாத சங்கிலி ஒன்றே ஒன்றுதான், அதுவும் சும்மா கொடுத்தது.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல், சூரத்திலிருந்து கல் வந்த, மொய்சனைட் என்று போட்டிருந்த பில்லைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சிலமலை பஸ்ஸில் ஏறினேன்.