ஈரத் தரையில் இரண்டு பாதம்

நாய்களுக்கான மருத்துவமனையின் பின்பக்க அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே வெதுவெதுப்பான தண்ணீர், அடியில் மெல்ல நகரும் பட்டை. அடிபட்டதும் முடங்கியதுமான நாய்கள் அதில் நடந்து பழகும். பாதிப் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். கூடவே இறங்கி நிற்பவளை எல்லோரும் தொட்டியக்கா என்றே கூப்பிட்டார்கள்.

நாய் வெளியே வந்ததும் அவள் காலைப் பார்க்க மாட்டாள், தரையைத்தான் பார்ப்பாள். ஊன்றி நடந்தால் ஈரத்தில் பாதம் முழுசாக விழும். இழுத்தால் கோடு விழும்.

அன்று வந்தது தையல்காரரின் நாய், தடியன்.

"அண்ணே, கொஞ்சம் சுவத்தப் பார்த்துத் திரும்பி நில்லுங்க."

"நான் பார்த்தா என்னம்மா?"

"நீங்க பார்த்தா நம்ம தடியன் ஐயாவுக்குக் கால் வராது. தூக்கிக்குவீங்கன்னு அதுக்குத் தெரியும்."

அவர் திரும்பினார். தடியன் அவர் முதுகை ஒருமுறை பார்த்துவிட்டு நாலு காலையும் ஊன்றி ஜோராக நடந்தது.

"அடப்பாவி! உன்னைத் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏறினேனேடா!"

தொட்டியக்காவுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் தொட்டியின் மோட்டார் நின்றுபோனது. மதியமே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் கணவர். அவர் ஓட்டிய லாரி கவிழ்ந்ததிலிருந்து படுக்கைதான். எலும்பு கூடிவிட்டது என்றார் டாக்டர். கால் சொன்னபடி கேட்கவில்லை என்றார் இவர். தினமும் அவரைத் தோளில் சாய்த்துக் குளியலறைக்கு இழுத்துப் போகும்போதெல்லாம், இனி இந்த மனிதர் நடப்பாரா என்ற ஒரே கேள்விதான் அவள் நெஞ்சை அடைக்கும்.

கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

குளியலறையிலிருந்து கட்டில்வரை ஈரக் காலடிகள். கோடில்லை, இழுப்பில்லை. முதலில் திருடன் என்றே நினைத்தாள். பிறகுதான் பார்த்தாள், இடது பாதத்தில் சுண்டுவிரல் பதியவில்லை. தரையில் படாத அந்த விரலுக்குத் தினமும் எண்ணெய் தடவுகிறவள் அவள்.

சுவரோரம் நின்ற ஊன்றுகோலில் ஈரமே இல்லை. கட்டிலில் போர்வை கழுத்துவரை ஏறியிருந்தது. தலைமுடியில் தண்ணீர் சொட்டியது.

"என்ன, இன்னைக்குச் சீக்கிரமே..."

"எத்தனை நாளா?"

அவர் போர்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டார்.

"எத்தனை நாளாங்க? உங்களை இழுத்து இழுத்து என் இடுப்பே விட்டுப்போச்சே!"

"நடக்கிறேன்னு தெரிஞ்சா மறுபடி வண்டி எடுக்கணும்ல" என்றார் கூரையைப் பார்த்தபடி. "சாவியை நினைச்சாலே கை நடுங்குது."

திட்ட வாயெடுத்தாள். காலையில் தையல்காரரைப் பார்த்துச் சிரித்தது நினைவுக்கு வந்தது. நாய்க்கால் எல்லாம் தெரிந்த கண்ணுக்கு வீட்டுக்கால் தெரியாமல் போயிருக்கிறது.

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"நான் பார்க்கல. எந்திரிச்சு நடங்க."

"வண்டி..."

"வண்டியைப் பத்தி யார் பேசினா? நடங்க."

கட்டில் முனகியது. ஒரு கால் ஊன்றும் சத்தம். இன்னொன்று. நிதானமாக வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. அவ்வளவுதான், அவள் சுவரோடு சரிந்து ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"கையைக் கொடுங்க" என்றாள், திரும்பாமலே. "என்னைத் தூக்குங்க."